உண்ணிப் புதருக்குள் ஓர் அரிய செடி: களை எடுக்கப் போகிறவர்களுக்கு

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புதர்க்காட்டில் உண்ணிச்செடி (லான்டானா) அகற்றும் வேலை. உள்ளே தரையில் வளரும் ஆர்க்கிட் 11 இருந்தன. முந்தின வாரமே போய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்திருந்தேன். வேலை நாளன்று நான் போய்ச் சேர அரைமணி நேரம் தாமதம். அதற்குள் உற்சாகமான நாலு பேர் ஆரம்பித்துவிட்டார்கள். சிவப்பு நாடா கட்டியிருந்தால் "இதை எடு" என்று அர்த்தம் போலிருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். 11-இல் 4 போய்விட்டன, கிழங்கோடு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாடாவுக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

உண்ணி அந்தச் செடிகளைப் பல வருஷமாக நெருக்கிக்கொண்டுதான் இருந்தது. அதையும் தாங்கிக்கொண்டு அவை நின்றன. நாங்கள் அரைமணி நேரத்தில் அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்துவிட்டோம். களை எடுக்கும் இடங்களில் அரிய செடிகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்: மிதிபட்டு, குவியலுக்கு அடியில் புதைந்து, தெளித்த மருந்து பட்டு, அல்லது திடீரென்று விழுந்த வெயிலில் கருகி. அதனால் வேலையை எதை எடுக்கப் போகிறோம் என்பதிலிருந்து திட்டமிடாமல், எது மிஞ்ச வேண்டும் என்பதிலிருந்து திட்டமிடுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் பாருங்கள், அரிவாள் அப்புறம்

ஒரே ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு "இங்கே அரிய செடி எதுவும் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். தரை ஆர்க்கிட், கிழங்குச் செடிகள், குமிழ்ச் செடிகள் எல்லாம் வருஷத்தில் பல மாதங்கள் மண்ணுக்குள்ளேயே உறங்கும். மேலே ஓர் இலைகூடத் தெரியாது. ஓராண்டுச் செடிகளோ மழைக்குப் பின் சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு விதையாகிப் போய்விடும். மழைக்கு முன், மழைக்குப் பின், பூக்கும் காலம் என்று குறைந்தது மூன்று தடவையாவது அந்த இடத்தை நடந்து பார்த்தால்தான் பட்டியல் ஓரளவு முழுமையாகும்.

நடப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேர் இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் மெதுவாகப் போக வேண்டும். பத்தடிக்கு ஒரு தரம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது கண்ணில் படுவது களைதான். சின்னச் செடி உட்கார்ந்தால்தான் தெரியும். பாறையிடுக்கு, நீர்க் கசிவு, பழைய மரத்தின் அடி, ஓடைக்கரை ஆகிய இடங்களில் கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

இன்னோர் இடம் பலருக்குத் தோன்றாது: முள்ளுள்ள களையின் நடுத்தூர். ஆடுமாடு மேயும் நிலத்தில் முட்புதருக்குள் வாய் வைக்க முடியாததால், வெளியே மேய்ந்து தீர்ந்துபோன இயல்செடிகள் (அந்த மண்ணுக்கே உரியவை) அதற்குள் ஒளிந்திருக்கும். களையே அங்கே வேலியாக நிற்கிறது. அந்தப் புதரை வெட்டிச் சாய்த்த அடுத்த வாரமே மாடு உள்ளே வந்துவிடும். வேலிக்கு வழி செய்துவிட்டுத்தான் அப்படிப்பட்ட புதரைத் தொட வேண்டும். வெட்டிய முட்கிளைகளையே அரிய செடியைச் சுற்றி அடுக்கி வைப்பதும் தற்காலிகத்துக்கு உதவும், அதில் காயோ வேர்விடும் தண்டோ இல்லை என்றால்.

இடத்துக்கு உரியவரின் அனுமதி, பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அதன் நிர்வாகத்தின் அனுமதி, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப் பாதுகாப்புள்ள செடியில் ஓர் இலையைக் கிள்ளினால்கூடக் குற்றமாகும் இடங்கள் உண்டு.

படம் எடுங்கள், பறிக்காதீர்கள். முழுச்செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு, பூவின் முன்புறம், பக்கவாட்டு என்று எடுத்தால் தெரிந்தவரிடம் கேட்கலாம். ஆனால் இடத்தை வெளியில் சொல்லாதீர்கள். ஆர்க்கிட், கள்ளி, சைக்கஸ் போன்றவற்றைத் திருடி விற்கிற சந்தை உலகெங்கும் இருக்கிறது. கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். செடி, உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளங்கள் அருகிவரும் இனங்களின் துல்லியமான இடத்தை மறைத்துத்தான் காட்டுகின்றன. நாம் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் அதனால் என்ன பயன்?

எது களை, எது களை மாதிரி

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அரிய செடியும் களையும் ஒரே பேரினமாக இருப்பது அபூர்வமே இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மட்டுமே இயற்கையாக வளரும் லான்டானா டிப்ரெஸ்ஸா என்று ஒரு செடி உண்டு. அங்கே அது அழியும் நிலையில் உள்ள இனம். நாம் எங்கே பார்த்தாலும் வெட்டித் தள்ளும் உண்ணிச்செடியின் சொந்தக்காரன். உண்ணி அதோடு கலந்து கலப்பினங்களை உண்டாக்குவதே அதற்குப் பெரிய ஆபத்து. அங்கே போய் "லான்டானா எல்லாம் களை" என்று அரிவாளை வீசினால் கதை முடிந்தது.

வட அமெரிக்காவில் செலாஸ்ட்ரஸ் என்ற கொடியில் இரண்டு வகை. ஆசியாவிலிருந்து வந்தது காட்டையே மூடுகிறது. அந்த மண்ணுக்கே உரியது குறைந்துகொண்டு போகிறது. இலையை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். காயைப் பார்த்தால் தெரிந்துவிடும். அயல்கொடியில் காய்கள் தண்டு நெடுக, ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் கொத்தாக இருக்கும். இயல்கொடியில் கிளையின் நுனியில் மட்டும். ஆக, காய் இல்லாத மாதத்தில் அந்தக் கொடியை எடுக்கக் கிளம்புவது சூதாட்டம். உங்கள் இடத்திலும் இப்படி ஒரு ஜோடி இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். இருந்தால் வேலை மாதத்தை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

களை என்பது செடியின் குணம் மட்டுமல்ல, அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது. நாம் கொண்டாடும் செங்காந்தள் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் ஆக்கிரமிப்புச் செடி. நம் கருவேலமரம் அங்கே புல்வெளிகளை விழுங்கிய முட்காடு. "எனக்குத் தெரிந்த செடிதானே" என்ற நம்பிக்கையை எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

வேலை நாளன்று நான் செய்வது இது. எடுக்க வேண்டிய களையில் மூன்று மாதிரி பிடுங்கி ஒரு சாக்கின் மேல் வைத்துவிடுவேன்: விரல் நீள நாற்று, பூக்காத செடி, பூத்த செடி. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைக் கையில் எடுத்து, கசக்கி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். நாற்றுதான் முக்கியம். வளர்ந்த உண்ணியை யாரும் தவறவிட மாட்டார்கள். நாலு இலை நாற்றில்தான் இயல்செடியும் சேர்ந்து போய்விடும். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு களையை விட்டால் அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

குறி வைப்பது

கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகும். மரத்தடியில் இன்னும் மோசம். ஒரு சாண் உயரச் செடிக்கு ஐந்து மீட்டர் என்பது வேறு ஊர். அதனால் ஜிபிஎஸ் குறியோடு, அசையாத இரண்டு பொருள்களிலிருந்து (ஒரு மரம், ஒரு பாறை) டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு தூரமும் இருந்தால் குச்சி காணாமல் போனாலும் செடி உறங்கிக்கொண்டிருந்தாலும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

குச்சியைச் செடிக்கு ஒட்டி அடிக்காதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு முழம் தள்ளி, எல்லாச் செடிக்கும் ஒரே திசையில், எடுத்துக்காட்டாக வடக்கில், நடுங்கள். "குச்சிக்குத் தெற்கே ஒரு முழம்" என்று ஒரே விதியாக இருந்தால் குழப்பம் வராது. கூட்டமாக வளர்ந்திருந்தால் தனித்தனியாகக் குறியிடாமல் மொத்தத்தையும் கயிறு கட்டி வளைத்துவிடுங்கள்.

நாடா நிறத்துக்கு உலகப் பொது விதி கிடையாது. நீங்கள் எந்த நிறத்தை எடுத்தாலும் எடுக்க வேண்டியதற்கு ஒன்று, காக்க வேண்டியதற்கு வேறொன்று என்று வைத்து, காலையில் எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறக்குருடு உள்ளவர் குழுவில் இருக்கலாம். சிவப்பு, பச்சை ஜோடி வேண்டாம். நான் இப்போது காக்க வேண்டியதற்கு நீலநாடாவை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுகிறேன். வேலை முடிந்ததும் நாடாக்களைக் கழற்றிவிடுவோம், இல்லையென்றால் திருடனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். தரையோடு தரையாக இருக்கும் குட்டைக் குச்சி மட்டும் நிற்கும்.

எங்கிருந்து தொடங்குவது

களை அடர்ந்து கிடக்கும் இடத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். அங்கேயே பாய்ந்து வெட்டினால் சாயங்காலம் பெரிய குவியல் காட்டலாம், படம் எடுக்கலாம். ஆனால் அங்கே அடியில் இயல்விதை அநேகமாக மிச்சம் இருக்காது. வெட்டிய இடத்தில் களைதான் மறுபடி முளைக்கும்.

சிட்னியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்று இரண்டு சகோதரிகள் 1960-களில் தங்கள் வீட்டருகே இருந்த புதர்க்காட்டில் கையால் களை எடுத்தே ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் மூன்று விதிகள். நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கிப் போ. மண்ணை முடிந்தவரை கிளறாதே, விலக்கிய சருகைத் திரும்பப் போடு. இயல்செடிகள் எவ்வளவு வேகத்தில் திரும்ப வருகின்றனவோ, அந்த வேகத்தைத் தாண்டிக் களை எடுக்காதே. மூன்றாவது விதிதான் மனசுக்குக் கஷ்டமானது. அரிய செடி இருக்கும் இடத்துக்கு அதுவேதான் உயிர்நாடி.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்: அரிய செடியைச் சுற்றியுள்ள, களை லேசாக இருக்கும் திட்டை முதலில் சுத்தம் செய்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக மெல்ல விரியுங்கள். அடர்ந்த புதரின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனால் போதும். பருவம் தவறினாலோ ஆள் குறைந்தாலோ சுத்தம் செய்த இடம் கைவிட்டுப் போகாது. அடர்புதரின் நடுவே காய்த்துக் குலுங்கும் தாய்ச்செடிகள் இருந்தால் அவற்றின் பூவையும் காயையும் மட்டும் வெட்டி விதை விழாமல் தடுத்து வைக்கலாம்.

கையால், கத்தியால், தூரிகையால்

அரிய செடியைச் சுற்றி மனசுக்குள் இரண்டு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கை எட்டும் தூரம் வரை உள்வட்டம். அங்கே விரலும் சின்னக் கத்தரிக்கோலும்தான். அதற்கு வெளியே சில மீட்டர் வரை கைக்கருவிகள். இயந்திரமும் தெளிப்பானும் இரண்டாவது வட்டத்துக்கும் அப்பால்.

உள்வட்டத்தில் ஒருவர் மட்டும் வேலை செய்யட்டும், குழுவில் ரொம்பப் பொறுமைசாலி யாரோ அவர். பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டால் எடை பரவும், மண் இறுகாது. களை நாற்றைப் பிடுங்கும்போது ஒரு கையின் இரண்டு விரல்களால் நாற்றின் அடியில் மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் மெதுவாக, நேர்மேலாக இழுங்கள். ஈர மண்ணில் வேர் முழுசாக வரும். இழுக்கும்போது பக்கத்து மண் விரிசல் விட்டு எழும்பினால் உடனே நிறுத்துங்கள். களையின் வேரும் அரிய செடியின் வேரும் பின்னிக்கிடக்கின்றன என்று அர்த்தம். அந்தக் களையைப் பிடுங்கக் கூடாது, மண்மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். மறுபடி துளிர்க்கும், மறுபடி கத்தரியுங்கள். நாலைந்து தடவையில் சேமித்து வைத்த சக்தி தீர்ந்து பல செடிகள் ஓய்ந்துவிடும்.

சற்றுத் தள்ளியுள்ள பெரிய உண்ணித் தூர்களுக்கு, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி. ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை நன்றாக வேலை செய்கிறது. மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, தூரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. துளிர்விடும் பகுதி தண்டும் வேரும் சேரும் இடத்திலேயே இருப்பதால், அதற்குக் கீழே வெட்டினால் மறுதுளிர்ப்பு இல்லை. மொத்த மண்ணையும் புரட்ட வேண்டியதும் இல்லை. கடப்பாரையால் நெம்பிப் பெயர்ப்பதோடு ஒப்பிட்டால் காயம் மிகச் சின்னது.

மரத்தில் ஏறிய அயல்கொடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். கொடியோடு மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டும் பெரணியும் கூடவே வந்துவிடும், சில சமயம் காய்ந்த கிளையும் நம் தலையில் விழும். இடுப்பு உயரத்தில் ஒரு வெட்டு, தரையோரம் ஒரு வெட்டு. மேலே இருப்பது அங்கேயே காய்ந்து உதிரட்டும்.

பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன், கையுறையும் முகமூடியும் போட்டு எடுங்கள். தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை வரும். பூத்த செடியை உலுக்கினால் ஆயிரக்கணக்கில் விதை, அதுவும் நாம் காக்க வந்த இடத்திலேயே.

களைக்கொல்லி: வேண்டுமா, வேண்டாமா?

அரிய செடிக்கு அருகே முடிந்தவரை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் "ஒருபோதும் கூடாது" என்று சொல்பவர்களோடும் நான் உடன்பட மாட்டேன். வெட்ட வெட்டத் துளிர்க்கும் பெரிய மரக்களையைத் தோண்டி எடுத்தால் மண்ணே புரண்டுவிடும். அந்த இடத்தில் வெட்டுவாயில் இரண்டு சொட்டு மருந்து தடவுவது குறைந்த சேதம்.

தடவுவது என்றுதான் சொன்னேன், தெளிப்பது அல்ல. தண்டை மண்ணுக்குச் சற்று மேலே தட்டையாக வெட்டி, ரம்பத்தூளைத் துடைத்துவிட்டு, சில நிமிடங்களுக்குள் சின்னத் தூரிகையால் தடவ வேண்டும். நேரமானால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், மருந்து உள்ளே இறங்காது. ஒருவர் வெட்ட ஒருவர் தடவ என்று ஜோடியாக வேலை செய்தால்தான் இது நடக்கும். பெரிய கட்டையில் முழுவதும் பூச வேண்டாம். பட்டைக்கு உள்பக்கத்தை ஒட்டிய வெளிவளையம்தான் உயிருள்ள பகுதி, அங்கே பூசினால் போதும். மருந்தில் நிறச்சாயம் கலந்தால் எதைத் தடவினோம், எங்கே சிந்தினோம் என்று கண்ணுக்குத் தெரியும். டப்பாவைத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அரிய செடிமேல் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு வேலை பாருங்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடாதீர்கள், வெயிலில் வாளிக்குள் செடி வெந்துவிடும்.

எந்த மருந்து என்பதும் கவனிக்க வேண்டியது. கிளைபோசேட் மண்துகளோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால் வேர்வழியாக அடுத்த செடிக்குப் போவது குறைவு. ஆனால் பச்சை இலையில் பட்டால் களை, அரிய செடி என்று பார்க்காது. பிக்ளோராம், இமாசபைர் போன்றவை மண்ணில் நெடுநாள் தங்கும், நகரும், பக்கத்துச் செடியின் வேர் உறிஞ்சிக்கொள்ளும். இமாசபைர் தடவிய மரத்தின் வேரிலிருந்தே வெளியேறி அண்டையில் உள்ளதைக் கொல்லவும் கூடும். அரிய செடியின் வேர் எட்டும் எல்லைக்குள் இந்த வகைகளுக்கு இடமே இல்லை. டப்பாவின் லேபிளில் உள்ள அளவையும் பாதுகாப்பையும் மீறக் கூடாது. உரிமம் தேவைப்படும் இடங்களில் உரிமம் உள்ளவர்தான் கையாள வேண்டும்.

வெளிவட்டத்துக்கு அப்பால் தெளித்தே ஆக வேண்டும் என்றால் காற்றைப் பாருங்கள். காற்றே இல்லாத அமைதியான விடிகாலைதான் நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அது பொறி. தெளிந்த இரவுக்குப் பின் தரையோரம் குளிர்ந்த காற்று மூடிபோட்டது போல் தேங்கி நிற்கும். நுண்துளிகள் கீழே விழாமல் அதில் மிதந்து எங்கேயோ போய் இறங்கும். லேசான, நிலையான காற்று, அரிய செடியிலிருந்து விலகிப் போகும் திசையில் வீசும் நேரமே சரி. கொளுத்தும் வெயிலும் கூடாது. எஸ்டர் வகை மருந்துகள் சூட்டில் ஆவியாகிப் பரவும். அரிய செடி மண்ணுக்குள் உறங்கும்போது களை பச்சையாக நிற்கும் ஒரு மாதம் கிடைத்தால், மருந்து வேலை முழுவதையும் அந்த மாதத்துக்குத் தள்ளிவிடுங்கள். அப்போதும் மண்ணில் தங்கும் வகை வேண்டாம்.

பூச்சியை விட்டுக் களையை அழிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது தனிப்பட்டவர் செய்யும் வேலையே அல்ல. தென் அமெரிக்காவைச் சேர்ந்த காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சி, 1926-இல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்டுச் சப்பாத்திக் கள்ளியை அடக்கிக் காட்டியது. அதே பூச்சியை 1957-இல் கரீபியத் தீவுகளில் விட்டார்கள். 1989-இல் அது ஃபுளோரிடாவில் தென்பட்டது. அங்கே இயற்கையாக வளரும் அரிய கள்ளிகளையும் தின்னத் தொடங்கியது. ஓர் இடத்தின் மருந்து இன்னோர் இடத்தின் நோயானது.

வெயில் விழும் நாள்

களை எடுத்து முடித்த மகிழ்ச்சியில் மறந்துபோகும் விஷயம் இது. பல வருஷம் நிழலில் இருந்த செடியின் இலை மெல்லியது, அகலமானது. ஒரே நாளில் கூரையைப் பிரித்தால் இரண்டு மூன்று நாளில் இலை வெளுத்து ஓரம் கருகும். மண்ணும் காய்ந்துவிடும்.

அதனால் உள்வட்டத்துக்கு மேலே கவிந்திருக்கும் களைக்கிளைகளைப் பல தவணையாக வெட்டுங்கள். காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தை முதலில் திறப்பது நல்லது. பிற்பகல் வெயிலைத் தடுக்கும் மேற்குப் பக்கத்தைக் கடைசிவரை வையுங்கள். நிழல் தரும் களையின் பூவையும் காயையும் மட்டும் கிள்ளிவிட்டு, அதைக் குடையாக ஒரு பருவம் விட்டுவைக்கலாம். மேகம் கூடிய, மழை நெருங்கும் நாள்கள் திறப்பதற்கு ஏற்றவை. ஆனால் சரிவான நிலத்தில் கனமழைக்கு முன் மொத்தமாக வெட்டினால் மண் கழுவிக்கொண்டு போகும். சரி, எப்போதுதான் வெட்டுவது? கொஞ்சம் கொஞ்சமாக, சருகு மூடாக்கைக் கலைக்காமல். வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

"அந்தச் செடியைத் தோண்டித் தொட்டியில் வைத்துவிட்டு, களை எடுத்தபின் திரும்ப நடலாமே?" ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள். தரை ஆர்க்கிட்டுகள் மண்ணில் உள்ள குறிப்பிட்ட பூஞ்சைகளோடு கூட்டாக வாழ்பவை. சில இயல்செடிகள் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சிப் பிழைக்கும் அரை ஒட்டுண்ணிகள். தொட்டியில் அந்த உறவுகள் கிடையாது. பெயர்த்து நடுவதை எல்லா வழியும் அடைபட்ட பிறகு, அனுமதியோடு, அதில் கைதேர்ந்தவர்கள் செய்யட்டும். முன்னெச்சரிக்கையாக விதை சேகரிக்க அனுமதி இருந்தால், அன்றைக்குப் பழுத்திருக்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதை வங்கிகள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. செடிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தால் அதைவிடக் குறைவாக எடுங்கள்.

குவியலும் காலணியும்

வெட்டியதை எங்கே போடுவது என்று வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அந்த இடத்தையும் குந்தி உட்கார்ந்து பாருங்கள். குவியல் வைக்கும் இடத்தில் இன்னோர் அரிய செடி இருந்த கதை எனக்குத் தெரிந்தே இரண்டு. குவியலை அங்கேயே எரிக்க வேண்டாம். அடியில் உள்ள மண் வெந்து விதையும் பூஞ்சையும் செத்துப்போகும், வருஷக்கணக்கில் அந்த வட்டம் மொட்டையாகக் கிடக்கும். நடக்க ஒரே ஒரு பாதை போட்டு, அதிலேயே போய் வாருங்கள்.

வேலைக்கு வரும் முன்னும் முடிந்த பின்னும் காலணியின் பள்ளங்களில் உள்ள மண்ணைக் கெட்டியான பிரஷ்ஷால் துடைத்து, 70 சதவீத ஸ்பிரிட் தெளியுங்கள். அடியில் ஒட்டிய மண்ணில் களை விதை மட்டும் வருவதில்லை. ஃபைட்டோஃப்தோரா சினமோமி என்ற வேரழுகல் நுண்ணுயிர் இப்படி மண்ணோடு பரவித்தான் தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் அரிய இயல்செடிகள் பலவற்றைக் கொன்றுகொண்டிருக்கிறது. மண்வெட்டி, கத்தி, மண்டியிடும் பலகை எல்லாவற்றுக்கும் இதே கவனிப்பு வேண்டும். சட்டைப் பையையும் காற்சட்டை மடிப்பையும் உதறிப் பாருங்கள்.

திரும்பி வருவது

களையெடுப்பு ஒருநாள் வேலை அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள்; நாள்காட்டியில் தேதி குறித்தவர்கள்தான் திரும்பி வருவார்கள். வெளிச்சம் பட்டதும் மண்ணுக்குள் காத்திருந்த களை விதை கும்பலாக முளைக்கும். முதல் மழை பெய்து மூன்று, நாலு வாரத்தில் ஒரு தடவை, பிறகு பூக்கத் தொடங்கும் முன் ஒரு தடவை. முதல் வருஷம் இந்த இரண்டும் தப்பக் கூடாது. அந்த முளைக் கூட்டத்துக்குள்ளேயே அரிய செடியின் குஞ்சுகளும் இருக்கலாம். அதன் விதையிலை எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் உள்வட்டத்தில் நாற்று நாலைந்து இலை விடும்வரை எதையும் தொடாதீர்கள். ஒரு களையை எடுத்த இடத்தில் வேறொரு களை வந்து உட்காருவதும் சகஜம், பட்டியலில் இல்லாததையும் கவனியுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் ஒரு படம். ஒவ்வொரு குச்சிக்கும் நோட்டில் ஒரு வரி: இலை எத்தனை, பூ உண்டா, காய் உண்டா, மேய்ச்சல் அடையாளம் உண்டா. இவ்வளவு போதும். நாலு பக்கப் படிவம் தயாரித்தால் இரண்டாவது வருஷம் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

அந்த 11-இல் மிஞ்சிய 7-ஐ நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த பருவத்தில் 5 மட்டும் இலை விட்டன. இரண்டு செத்துவிட்டன என்று எழுதிவிட்டேன். அதற்கடுத்த பருவத்தில் 6 வந்தன. நோட்டில் "செத்தது" என்பதை அடித்துவிட்டு "உறக்கம்" என்று எழுத வேண்டியதாயிற்று. தரை ஆர்க்கிட் ஒரு பருவம், சில சமயம் அதற்கு மேலும், தலைகாட்டாமல் மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும். அதனால் இலை வராத இடத்தின் குச்சியை உடனே பிடுங்க வேண்டாம். ஏழாவது குச்சி இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு கை தூரத்துக்கு, களையைக் கத்தரிக்கோலால் மட்டும் எடுக்கிறோம்.